ஹம்முஸில் ஒரு பிடி இறால்

பதினாலு வருடம் என் வீட்டுக்காரர் என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. கேட்காமல் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் பஹ்ரைனிலிருந்து போன் வரும். என் முதல் கேள்வியே அதுதான். "இன்னா துன்ன?" என்பேன். "குபூஸும் ஹம்முஸும்" என்பார். குபூஸ் என்றால் ரொட்டி என்று எப்படியோ தெரிந்திருந்தது. ஹம்முஸை நான் ரொம்ப காலம் ஒரு மீன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அரபிக்காரன் படகில் மீன் பிடிக்கப் போன மனுஷன் மீனைத்தானே தின்பான்? நம் பக்கம் வராத ஏதோ ஒரு மீன். அதற்குச் செதில் உண்டா, முள் அதிகமா என்றெல்லாம் யோசித்திருக்கிறேன். ஒரு முறை லீவில் வந்தபோது, "அந்த ஹம்முஸ் மீனை ஐஸ் போட்டு ரெண்டு எடுத்தாந்தா இன்னா, கொறைஞ்சா பூடுவ?" என்று கேட்டேவிட்டேன். மனுஷன் சிரித்த சிரிப்பில் சோறு மூக்கில் ஏறிவிட்டது. "அது மீனு இல்லமே, கடலைத் தொவையல்" என்றார். அன்றைக்கு அவர் தலையில் தட்டிவிட்டு நானும் சிரித்தேன்.

எழுதும்போது 'அவர்', 'என்றார்' என்று மரியாதையாகத்தான் வருகிறது. நேரில் 'நீ'தான், கோபம் வந்தால் 'யோவ்'தான். எங்கள் தோணிரேவுக் குப்பத்தில் ஒருத்தி புருஷனை 'வாங்க, போங்க' என்று கூப்பிட்டால், அந்த வீட்டில் சண்டை என்று அக்கம்பக்கத்தில் முடிவு கட்டிவிடுவார்கள்.

இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு மாதம் லீவு. அந்த இரண்டு மாதமும் நான் ஆக்கிப்போட்டதில் ஒரே ஒரு குறைதான் சொல்வார்: "உப்பு கம்மி." மீன் குழம்புக்கும் அதே, நண்டு வறுவலுக்கும் அதே. ஒரு நாள் எரிச்சலில் குழம்பில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டேன். முதல் கவளத்திலேயே அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "இப்பவும் கம்மிதான்" என்றார். அவருக்குத் தெரிந்த வேடிக்கை அது ஒன்றுதான். அடுத்த லீவு வரைக்கும் நான் அதை நினைத்துத்தான் சிரித்துக்கொண்டிருப்பேன்.

ஒருவழியாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே வந்து சேர்ந்தார். இனிமேல் நம் பழவேற்காடு ஏரியே போதும் என்றார். புருஷன் பெண்டாட்டியாக ஒரே வீட்டில் தொடர்ந்து எட்டு மாதம் இருந்தோம். ஒருவர் குறட்டை இன்னொருவருக்குப் பழகுவதற்கே அதில் பாதி போய்விட்டது. ஐப்பசி மழையில் ஒரு காலை, படகில் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தவர் கையில் பிடித்த டப்பாவோடு அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பாதி வாய் எல்லாம் ஒரே நாளில் போயிற்று. பேச்சில் நாலைந்து வார்த்தை மட்டும் பிறகு திரும்பி வந்தது. வெளியே தெரியாமல் இன்னொன்றும் போயிருந்தது. அவரால் ஒழுங்காக விழுங்க முடியவில்லை.

விழுங்குவது ஒரு வேலை என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. சென்னையில் ஆஸ்பத்திரியில், தொண்டைக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் இருந்தாள். சின்ன வயசு, ஆனால் பொறுமைசாலி. அவள்தான் விளக்கினாள். தொண்டையில் சாப்பாட்டுக்கு ஒரு வழி, மூச்சுக்கு ஒரு வழி. நடுவில் இருக்கிற கதவு இவருக்கு நேரத்துக்கு மூடுவதில்லை. தண்ணீரும் டீயும் கஞ்சியும் ஓடிப்போய் மூச்சு வழியில் விழும். அங்கிருந்து நுரையீரலில் இறங்கினால் காய்ச்சல், பிறகு உயிருக்கே ஆபத்து. "கெட்டியா இருக்கணும்மா, வழவழன்னு இருக்கணும், நாரே இருக்கக் கூடாது. ஸ்பூன்ல எடுத்தா அப்படியே நிக்கணும், சாய்ச்சா ஒரே கட்டியா விழணும்" என்று ஒரு ஸ்பூனை எடுத்துச் சாய்த்துக் காட்டினாள். நிமிர்ந்து உட்கார வேண்டும். முகவாயை நெஞ்சுப் பக்கம் இறக்க வேண்டும். ஒரு சின்ன ஸ்பூனுக்கு இரண்டு தடவை விழுங்க வேண்டும். நான் மூன்று தடவை திருப்பிச் சொல்லிக் காட்டிய பிறகுதான் விட்டாள்.

வீட்டுக்கு வந்து சோறு மசித்தேன், பருப்பு மசித்தேன், உருளைக்கிழங்கு மசித்தேன். இரண்டு ஸ்பூனுக்கு மேல் வாய் திறக்க மாட்டார். கெஞ்சினேன், திட்டினேன். ஒரு நாள் ஸ்பூனைத் தூக்கி எறிந்தேன். கொலைப்பசியோடு இருக்கிற மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த தடவை எடை பார்த்தபோது டாக்டர் முகம் சுருங்கியது. இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம், இதே மாதிரி எடை இறங்கினால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடலாம், அது ஒன்றும் பெரிய காரியமில்லை என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பேச்சு போனவருக்குக் காது கேட்கும் என்பதுதான் எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி அவரை ஆட்டோவில் உட்காரவைத்தேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "வேணா" என்றார். "இன்னா வேணா?" என்றேன். சட்டைக்கு மேலே வயிற்றைத் தொட்டுக் காட்டினார். "வேணா, வேணா" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆட்டோக்காரர் திரும்பிக்கொண்டார். "வெக்க மாட்டாங்கய்யா. நான் வெக்க உட மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். வாய் எனக்கு எப்போதும் பெரிசு.

இந்த இடத்தில் எங்கள் இறால் சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவள். பனையோலையில் பின்னிய பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் மண்டிபோட்டு நகர்ந்து, சேற்றை விரலால் தடவித் தடவிப் பிடிக்கிற வேலை. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை, எல்லாம் விரல்தான். நாங்கள் ஆறு பெண்கள் ஒரு கூட்டமாக இறங்குவோம். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சாவோ சீக்கோ வந்து ஒருத்தி ஏரிக்கு வர முடியாமல் போனால், கரையேறிய மற்றவர்கள் அவள் வாசலில் இருக்கிற சட்டியில் ஆளுக்கு ஒரு பிடி இறால் போட்டுவிட்டுத்தான் தங்கள் வீட்டுக்குப் போவார்கள். அவள் கேட்கவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம். வேண்டாம் என்று மட்டும் சொல்ல முடியாது. சட்டியைக் கவிழ்த்து வைத்தால், இனிமேல் உங்களோடு இறங்க மாட்டேன் என்று அர்த்தம். இவரை வீட்டுக்குக் கூட்டிவந்த நாளிலிருந்து எங்கள் வாசல் சட்டியில் தினமும் ஐந்து பிடி இறால் விழுந்தது.

அந்த இறாலை நான் என்ன செய்வேன்? முதல் வாரம் எனக்கு மட்டும் வறுத்தேன். வாசம் எழுந்ததும் கட்டிலில் இருந்தவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கழுத்து நரம்பு அசைவதைப் பார்த்தேன். எச்சிலை விழுங்க முயன்றுகொண்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டேன். அதற்குப் பிறகு சட்டியில் விழுவதை அப்படியே பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுவேன். அக்காவும் எங்கள் கூட்டத்தில் ஒருத்தி. அவள் போட்ட பிடியும் அதில் இருக்கும், அது அவளுக்கே திரும்பிப் போகும்.

ஹம்முஸ் வந்தது என் கோபத்தினால்தான். ஒரு காலை, மசித்த இட்லியை அவர் நாக்கால் வெளியே தள்ளியபோது எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது. "அப்ப இன்னாதான்யா துன்னுவ? உன் அரபிக்காரன் ஊட்டு ஹம்முஸா?" என்று கத்தினேன். அவர் கண் விரிந்தது. சரியாக இருக்கிற அந்தப் பாதி வாயைக் கூட்டி, பாடுபட்டு, "ஹம்... முஸ்" என்றார். பக்கவாதத்துக்குப் பிறகு சாப்பிடுவதற்கு அவராக ஒன்றைக் கேட்டது அன்றைக்குத்தான்.

பழவேற்காடு கடைத்தெருவில் வெள்ளைக் கொண்டைக்கடலையும் வெள்ளை எள்ளும் வாங்கினேன். ஆலிவ் எண்ணெய் மளிகைக் கடையில் இல்லை, மருந்துக் கடையில் இருந்தது. எங்கள் பக்கம் அதைக் கைக்குழந்தைக்கு உடம்பு தேய்க்கத்தான் வாங்குவார்கள். "கொயந்தைக்கு எத்தினி மாசம்?" என்று கடைக்காரர் கேட்டார். "அம்பத்தாறு வயசு" என்றேன். அவர் பாட்டிலைப் பையில் போட்டார்.

முதல் தடவை சொதப்பினேன். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் பாதி உப்பேரித் தண்ணீர் கலந்திருக்கும். நல்ல தண்ணீர் லாரியில் வருகிறது, அல்லது கேனில். அதைக் குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும்தான் எடுப்போம். கடலையைப் போர்த் தண்ணீரிலேயே ஊறப்போட்டு அதிலேயே வேகவைத்தேன். உப்புப் போடுகிற வேலை மிச்சம் என்று ஒரு கெட்டிக்காரத்தனம் வேறு. எத்தனையோ விசில் விட்டும் கடலை கல்லாகவே இருந்தது. மிக்சியில் போட்டு அரைத்தால் மணலாக வந்தது. அதை ஒரு துளி அவர் நாக்கில் வைத்ததற்கே இருமல் பிடித்துக்கொண்டது. முதுகைத் தட்டிக்கொண்டே என்னையே நான் திட்டிக்கொண்டேன். இருமி முடித்தவர் முதலில் வேகாத கடலையைக் காட்டினார், பிறகு மூலையில் இருந்த தண்ணீர்க் கேனைக் காட்டினார். படகிலே குடிதண்ணீரை அளந்து வைத்துச் சமைத்தவருக்கு, உப்புத் தண்ணீரில் கடலை வேகாது என்பது தெரிந்திருந்தது.

மறுபடி கேன் தண்ணீரில், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டு ஊறவைத்தேன். இந்தத் தடவை கடலை விரல் பட்டாலே மசிகிற பதத்தில் வெந்தது. அப்படியே மிக்சியில் கொட்டப்போனேன். "ம்ம்ம்" என்று கட்டிலிலிருந்து ஒரு சத்தம். தட்டைத் தன் மடியில் வைக்கும்படி கைகாட்டினார். ஒரு கடலையை எடுத்து இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்தினார். கடலை ஒரு பக்கம் வழுக்கிப் போயிற்று, தோல் விரலில் நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் நாளெல்லாம் இறாலுக்குச் செய்கிற வேலை அதுதானே! இரண்டு பேரும் ஒரே தட்டில் குனிந்து அத்தனை கடலைக்கும் தோல் எடுத்தோம். நான் பத்து எடுப்பதற்குள் அவர் ஒன்று எடுப்பார். அவர் எடுத்ததைத் தனியாக ஒரு கிண்ணத்தில் போடச் சொல்லிச் சைகை செய்தார், எண்ணிப் பார்த்துக்கொள்ளத்தான். அந்தக் காலையில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும்.

எள்ளை வறுத்ததும் வறுக்காததுமாக எடுத்து, எண்ணெய் விட்டு விழுதாக அரைத்தேன். ஒரு பல் பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு. கடலையைச் சேர்த்து அரைக்கும்போது மீன் வைக்கிற ஐஸ் பெட்டியைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அரைக்கும்போது ஜில் தண்ணீர் விட வேண்டுமாம். மீனுக்குப் போடுகிற ஐஸை வாயில் வைக்க முடியாது, பக்கத்து வீட்டு பிரிட்ஜிலிருந்து தண்ணீர் வாங்கி வந்து ஊற்றினேன். மிக்சிக்குள் அது வெளுத்து உப்பிக்கொண்டு வந்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். ஒரு மணல்கூட இல்லை. ஸ்பூனில் எடுத்தேன், நின்றது. சாய்த்தேன், ஒரே கட்டியாக விழுந்தது.

தட்டில் போட்டதும் ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டார். ஸ்பூன் முதுகால் நடுவில் ஒரு குழி செய்து, சுற்றிலும் வட்டமாக இழுத்தார். பழக்கமில்லாத கை, வட்டம் கோணலாக வந்தது. குழியில் எண்ணெய் விடச் சைகை காட்டினார். விட்டேன். முகவாயை இறக்கி ஒரு ஸ்பூன், இரண்டு விழுங்கல். அடுத்த ஸ்பூன், இரண்டு விழுங்கல். இருமவில்லை. தட்டு காலியாகிற வரைக்கும் இருமவில்லை. உப்பு கம்மி என்று சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை, அல்லது சொல்ல வரவில்லை. பரவாயில்லை என்று தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு தினமும் அதுதான். ஒரு நாள் சீரகப்பொடி, ஒரு நாள் வேகவைத்த பூசணி சேர்த்து அரைப்பேன். தோல் எடுக்கும்போது நான் கேள்வி கேட்பேன், அவர் தலையாட்டுவார். "ரூம்ல எத்தினி பேரு?" எட்டு விரல். "யாரு ஆக்குவா?" தன் நெஞ்சைத் தொட்டார். "தெனமுமா?" இல்லை. ஒவ்வொரு கிழமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை என்றதும் தலையாட்டினார். எனக்குக் கை நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் எட்டுப் பேருக்கு இதை அரைத்து வைத்துவிட்டு, அந்தக் கையைக் கழுவிக்கொண்டுதான் எனக்குப் போன் செய்திருக்கிறார். பதினாலு வருடம். நானோ அதில் ரொம்ப காலம் அதை மீன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அந்தப் பண்டம் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாக்கில் அப்பிக்கொண்டு கீழே இறங்க மாட்டேன் என்கிறது. காரம் இல்லை, புளி இல்லை. "இதைத் துன்றதுக்கா விமானம் ஏறிப் போன?" என்றேன். அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது இறங்கவில்லை. அடுத்த தடவை கொஞ்சம் ஏறியிருந்தது. பயிற்சிப் பெண் நான் கொண்டுபோன டப்பாவில் ஸ்பூனைச் சாய்த்துப் பார்த்து, "இதையே குடுங்கம்மா, எதையும் மாத்தாதீங்க" என்றாள். இன்னும் ஒரு தடவை இப்படி இருந்தால் குழாய்ப் பேச்சே வேண்டாம் என்றார் டாக்டர். அந்த ஒரு தடவைக்கு மூன்று வாரம் இருந்தது.

தை மாதம். ஏரி தெளிந்து வெள்ளை இறால் நன்றாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒரு பகல், வாசலில் காக்கைத் தொல்லை என்று சட்டியை உள்ளே கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் கையில் ஒரு இறால். இன்னும் உயிர் இருந்தது. மீசையைப் பிடித்துத் தூக்கி, முகர்ந்து பார்த்தார். "ஒண்ணு" என்றார். "ஆவாதுய்யா, அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சு?" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, இறாலை மெதுவாகச் சட்டியில் திரும்ப வைத்தார். சண்டை பிடித்திருந்தால் நான் பதிலுக்கு நாலு பேசி அதோடு விட்டிருப்பேன். அவர் திருப்பி வைத்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை.

என் புத்தி அப்போது எப்படி ஓடியது என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். எங்களுக்கு மீன் இல்லாத சாப்பாடு சாப்பாடே இல்லை. மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. அவரே சொன்ன மாதிரி, ஹம்முஸ் ஒரு துவையல். ஏரியில் பிறந்து ஏரியில் வளர்ந்த மனுஷன் இத்தனை நாளாக வெறும் துவையலைத் தின்றுகொண்டிருக்கிறான், உடம்பில் தெம்பு எங்கிருந்து வரும்? இறாலுக்கு முள்ளா இருக்கிறது? தோலை உரித்து, குடலை எடுத்து, வேகவைத்து, அந்த வழவழப்பிலேயே சேர்த்து அரைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடாதா? மூன்று வாரத்தில் இன்னும் எடை கூடிவிடாதா? வெளியூர்க்காரி யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் இப்படி நினைத்திருக்க மாட்டாள்.

ஒரே ஒரு பிடி எடுத்தேன். மஞ்சள் போட்டு வேகவைத்தேன். கடலையோடு சேர்த்து நாலு சுற்று அதிகமாகவே அரைத்தேன். விரலில் தேய்த்துப் பார்த்தேன். சேற்றுக்குள் நகம் அளவு இறாலைக் கண்டுபிடிக்கிற விரல், சரியாக இருக்கிறது என்று சொன்னது. இறால் சதை எவ்வளவு அரைத்தாலும் நாராகத்தான் இருக்கும், ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். அன்றைக்குத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

முதல் ஸ்பூன் வாய்க்குள் போனதும் நிறுத்தினார். கண்ணை மூடினார். திறந்து என்னைப் பார்த்தார். "இன்னும்" என்றார். கொடுத்தேன். "இன்னும்." ஆறாவது ஸ்பூனிலோ ஏழாவதிலோ நான் விழுங்கலை எண்ணுவதை விட்டுவிட்டேன். முகவாய் மேலே வந்திருந்தது, அதையும் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு காலியானதும் ஒரு விரலால் வழித்து நக்கினார். "எப்படிக் கீது?" என்றேன். இந்தத் தடவை உப்பு கம்மி என்று சொல்லப் போகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, உதடு அதற்குத்தான் குவிந்தது. அதற்குள் இருமல் வந்துவிட்டது. பெரிய இருமல்கூட இல்லை, சின்னதாக இரண்டு. ஆஸ்பத்திரியில் கொடுத்த, தண்ணீரைக் கெட்டியாக்குகிற பொடியைக் கலந்து கொடுத்தேன், அடங்கிவிட்டது.

மூன்றாம் நாள் காய்ச்சல். மூச்சில் ஒரு கரகர சத்தம். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தோம், அதில் நாலு நாள் பிழைப்பாரா என்பதே தெரியவில்லை. டாக்டரிடம் நானே சொன்னேன், இறால் போட்டேன் என்று. அவர் கோபிக்கவில்லை. இதனால்தான் என்று சொல்ல முடியாது, இந்த மாதிரி ஆட்களுக்குச் சொந்த எச்சிலே உள்ளே போய் இப்படி ஆவதுண்டு என்றார். பயிற்சிப் பெண் கட்டில் பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தாள். பிறகு, "இனிமே வாயால எதுவும் வேணாம்மா. ஒரு சொட்டுகூட" என்றாள். வயிற்றுக் குழாய்க்கு வீட்டு ஆள் கையெழுத்துப் போட வேண்டும். வைக்க விட மாட்டேன் என்று சொன்ன நான்தான் போட்டேன். அவர் கட்டிலில் விழித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே வாசல் சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். அர்த்தம் தெரிந்துதான் வைத்தேன். யார் முகத்தையும் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, இறாலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மறுநாள் மதியம் எட்டிப் பார்த்தால், கவிழ்ந்த சட்டியின் முதுகின் மேல் ஒரு வாழையிலைத் துண்டு, அதில் ஐந்து பிடி. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே சத்தம் போட்டாள். "சட்டி கவுந்தா கவுந்துகினு போவட்டும். நாங்க மேல வெப்போம். ஏரி எறா துன்னாம ஒரு ஆம்பள எத்தினி நாளு கெடப்பான்? நானா இருந்தாலும் குடுத்துத்தான் இருப்பேன்." எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

அவர் என்னோடு பேசவில்லை. இருக்கிற நாலு வார்த்தையையும் பேசவில்லை. ஒரு நாளைக்கு ஆறு தடவை, மாவுப் பாலைக் கரைத்து ஊசிக்குழாயில் ஊற்றி வயிற்றுக்குள் இறக்குவேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாயைத் திறக்க வேண்டியதில்லை, பல்லைக் கடிக்கவும் வழியில்லை. "என் மேல கோவமாய்யா?" என்று கேட்டேன். இப்படி ஒரு மாதத்துக்கு மேல் போயிற்று. செத்துப்போயிருந்தால் நிம்மதியாக அழுதுவிட்டாவது இருக்கலாமே என்று ஒரு நாள் நினைத்தேன். நினைத்ததற்காக வெட்கப்படுகிறேன், ஆனால் நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், குழாயைக் கழுவிக்கொண்டிருந்தபோது, "ஹம்முஸ்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வாயில வெக்கக் கூடாதுய்யா, சொல்லிக்கிறாங்க இல்ல? இன்னொரு வாட்டி அங்க போனா நீ திரும்ப மாட்ட" என்று கத்தினேன். தலையை மெதுவாக ஆட்டினார். அவருக்கு இல்லையாம். விரலை என் பக்கம் நீட்டினார். "நீ" என்றார்.

கேன் தண்ணீரில் கடலை ஊறப்போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் வேகவைத்துத் தட்டைக் கட்டிலில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தோல் எடுத்தார், நானும் எடுத்தேன். அரைக்கப் போகும்போது வாசலைக் காட்டினார். சட்டி மேல் இருந்த இறாலை. முடியாது என்றேன். "போடு" என்றார். அழுதுகொண்டே, "அது மட்டும் வேணாய்யா" என்றேன். "போடு" என்றார் மறுபடி, கட்டிலைத் தட்டி. ஒரு பிடி உரித்து, வேகவைத்து, அன்றைக்குப் போலவே அரைத்தேன். தட்டில் குழி செய்து வட்டம் இழுத்தார். இந்தத் தடவை வட்டம் முன்னைவிட நேராக வந்தது. எண்ணெய் விட்டேன். தட்டை என் பக்கம் தள்ளினார்.

அவருக்கு நேரே உட்கார்ந்து ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தேன். முகவாய் தானாக நெஞ்சுப் பக்கம் இறங்கியது. இரண்டு தடவை விழுங்கினேன். இத்தனை மாதம் அவருக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டைக்கே பழகிப்போயிருந்தது. அவர் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு ஸ்பூன் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. எனக்குப் பிடிக்காத அந்தப் பண்டம், ஏரி இறாலோடு, நிஜமாகவே அவ்வளவு நன்றாக இருந்தது. அவர் விரலை மடக்கி, எப்படி என்று கேட்டார்.

"உப்பு கம்மி" என்றேன்.

சரியாக இருக்கிற பாதி வாய் முதலில் அசைந்தது. பிறகு தோள் குலுங்கியது. சத்தம் வராத ஒரு சிரிப்பு. வாயோரம் எச்சில் வழிந்தது, முந்தானையால் துடைத்தேன். தட்டில் இருந்ததை முழுக்க அவர் எதிரிலேயே தின்று முடித்தேன். அதற்குள் அவருக்குப் பன்னிரண்டு மணி வேளை வந்துவிட்டது. எழுந்து கை கழுவிக்கொண்டு மாவுப் பால் கரைக்கப் போனேன். அதற்கு உப்புப் போடுவதில்லை.